சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஆலோசகர்

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிய மொழிகள் துறைக்கு நான் சமூக ஆலோசகர். சம்பளம் கிடையாது, நியமனக் கடிதம் மட்டும் உண்டு. பிழைப்புக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு வழக்கறிஞர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. படிப்பு எஸ்டிபிஎம்மோடு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளித் தேர்வோடு, நின்றது. "உங்ககிட்ட அவங்க என்னம்மா கேக்கப் போறாங்க?" என்று மகளே கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பாடத்திட்டத்தைத் திருத்தும்போது வெளியாட்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி நிறுவனம், எதிர்பார்க்கிறது. வழக்கமாக கம்பனி மேலாளர்களைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள். இந்தத் துறையில் தமிழ்ப் பிரிவைப் பார்க்கும் டாக்டர் அம்மா தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழை வைத்து நாள்தோறும் வேலை பார்க்கிறவர்களையும் உட்கார வைப்போம் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றாராம். அப்படிச் சேர்ந்தவர்கள் நாங்கள்: ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கார அண்ணன், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத் தம்பி, அப்புறம் நான்.

தொடக்கக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில், வேலை நாளில், குளிரூட்டிய அறையில் நடந்தன. திரையில் மலாயில் கட்டம் கட்டமாக ஓடியது. ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிடச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். லாரி அண்ணன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போய்விட்டார். ஒருநாள் லாரி ஓடாவிட்டால் அவருக்கு நட்டம். "நாங்க இருக்கிற எடத்துக்கு நீங்க வாங்க டாக்டர், ஞாயித்துக்கிழமையில வாங்க" என்று அவர் சொல்லப்போய், கூட்டம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துக்கு வந்தது. மாணவர்களும் வந்தார்கள். சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் கேட்டது ஒரே ஒரு பாடம். மலாயில் இருக்கும் சட்டப் பத்திரத்தைத் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு வாய்விட்டுப் படித்து விளக்கும் பாடம். எழுத்து மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் கேட்டது எதிரே ஆளை உட்காரவைத்துச் சொல்வதை.

தலைமையாசிரியர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏம்மா, பல்கலைக்கழகம் என்ன பாரம் நிரப்புற கடையா? அதுக்காகவா அன்னிக்கு வெள்ளி வெள்ளியா காசு சேர்த்துக் கொடுத்தாங்க?"

அவர் சொல்வது 1950-களின் கதை. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. இந்தியவியல் துறை ஒன்று வரப்போகிறது, அதில் எந்த மொழிக்கு இடம் என்று பேச்சு எழுந்தபோது சமஸ்கிருதத்துக்கு ஆதரவான குரல் பலமாக இருந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. இந்த நாட்டில் இருக்கிற இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்கள் மொழிதான் அங்கே இருக்க வேண்டும் என்று எழுதினார், ஆட்களைத் திரட்டினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டிப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் சேரவும் வழி செய்தார். 1956-ல் துறை தொடங்கியது, தமிழோடு. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1961-லிருந்து தனிநாயக அடிகள் அதற்குத் தலைவர். 1966-ல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அதே கோலாலம்பூரில் நடந்தது. தலைமையாசிரியரின் அப்பா பால்மரம் வெட்டியவர். அந்த நிதிக்கு அவரும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கொடுத்தாராம்.

"1960-ல நம்ம ஊரு அமைச்சர் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கணும்னு நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்பவும் இதே ஆளுங்கதான் பணம் கட்டினாங்க. ஒண்ணு நெலத்துக்கு, ஒண்ணு மொழிக்கு" என்றார். மண்டபத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது என்று எனக்குத் தோன்றியது. எந்த மொழி என்று கூலி ஆட்கள் சொல்லலாம், எதைக் கற்றுத்தர வேண்டும் என்று மட்டும் சொல்லக்கூடாதா?

அப்போது எங்கள் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொன்னேன். ஆள் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பாட்டி வந்தார். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. சிறிய சொத்து, உயிலும் இல்லை என்பதால் நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அதற்கு மலாயில் ஒரு சத்தியப் பத்திரம். பாட்டிக்கு எழுத்து தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் சத்தியம் செய்தால், அதை அவருக்குப் படித்துக் காட்டியதாகவும் அவர் நன்றாகப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது என்றும் சத்தியக் கமிஷனர் அடியில் சான்று எழுத வேண்டும். நடைமுறையில் படிக்கிற ஆள் என்னைப் போன்ற குமாஸ்தாதான்.

முதலில் பெயர்த் தகராறு. அடையாள கார்டில் ஒரு எம், பிறப்புப் பத்திரத்தில் இரண்டு எம், சேமநிதிக் கணக்கில் கடைசியில் ஒரு எச். தோட்டத்து எழுத்தரான கிராணியின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன சமாச்சாரம். மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு பத்தி சேர்த்தாயிற்று. அடுத்த பத்தியில் வாரிசு விவரம். பாட்டி எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். கட்டைவிரல் மைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் காகிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டேன்: "பாட்டி, தாத்தாவுக்கு நீங்க ஒருத்திதான் பொஞ்சாதின்னு இதுல போட்டிருக்கு. சரிதானே?"

பாட்டி விரலை இழுத்துக்கொண்டார். "கீழ் லயத்துல ஒருத்தி இருந்தாளே. அதையும் எழுதணுமா?"

லயம் என்றால் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை. எழுதத்தான் வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு மனைவிதான் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-ல். அதற்கு முன் சாமி படத்துக்கு எதிரில் முறையாகத் தாலி கட்டியிருந்தால் அவரும் மனைவியாகலாம், அவர் பிள்ளைகளும் பங்கு கேட்கலாம். ஆக, கீழ் லயத்துக் கல்யாணம் எந்த வருசம், யார் யார் பார்த்தார்கள் என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. பத்திரத்தைத் திருத்தி எழுதினோம். பாட்டியின் "சரிம்மா"வோடு அன்றைக்கே ரேகை வாங்கியிருந்தால் அவர் பொய்ச் சத்தியம் செய்தவராகியிருப்பார், அவருக்கே தெரியாமல்.

"இந்தக் கேள்வியை அவங்க கேக்கிற மாதிரி படிக்கணும். அதை எங்கேயும் சொல்லித் தர்றதில்ல டாக்டர்" என்றேன்.

தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பொஞ்சாதின்னு சொன்னியே, 'துணைவியார்'னு சொல்லியிருந்தா அந்தக் கிழவி வாயைத் திறந்திருக்காது. இந்தப் பேச்சு வர்றதுக்கும் நல்லாத் தமிழ் படிச்சிருக்கணும்" என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பேச்சைக் கொடுத்தது தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, இலக்கியம் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே படித்துக்கொள்வார்.

டாக்டர் அம்மாவின் சிக்கல் வேறு மாதிரி. புதிதாக ஒரு பாடத்தை நுழைத்தால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும், மொத்தக் கிரெடிட் கூடாது. சட்டம் தெரிந்த தமிழாசிரியருக்கு எங்கே போவது? மாணவர் தப்பாகச் சொல்லி வீடு போனால் யார் பொறுப்பு? மூன்றுமே நல்ல கேள்விகள். மூன்றாவதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது: இப்போது தப்பாகச் சொன்னால் யார் பொறுப்போ அவரேதான்.

லாரி அண்ணன் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. துறையில் சீனமும் ஜப்பானியமும் இருக்கின்றன, தமிழ் மாணவர்கள் மாண்டரின் எடுக்கிறார்கள். சீன மாணவர்களுக்குத் தமிழ் வைக்கிறீர்களா என்று கேட்டார். "எங்க ஊரு இரும்புக்கடை சீன முதலாளி, அந்தத் தவுக்கே, நம்மளவிட நல்லாத் தமிழ் பேசுவாரு லா. அவரு பேரப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை தெரியாது." அச்சகத் தம்பி அதைக் குறித்துக்கொண்டான். அறிக்கையில் அது வரவில்லை.

ஒருவழியாக, மொழிபெயர்ப்புப் பாடத்துக்குள் சில வாரங்களை வாய்மொழி விளக்கத்துக்கு ஒதுக்கிப் பார்க்கலாம் என்று முடிவானது. மாதிரிப் பத்திரங்களை நான் தர வேண்டும், பெயர்களை எடுத்துவிட்டு. முதலில் ஆட்குறைப்புக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு ஒழுங்குமுறைப்படி ஐந்து வருசமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருசத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கை ஒரு வெட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். தலைமையாசிரியரின் கோரிக்கையும் நின்றது: மூடிய தோட்டப் பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளை மாணவர்கள் தேடிச் சேர்க்க வேண்டும். அதற்குத் தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து தருகிறாராம். வீட்டம்மாவிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த கூட்டமும் அதே மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மாணவர்கள் படித்துக் காட்டும்போது கேட்க எழுத்துத் தெரியாத பெரியவர்கள் நாலைந்து பேர் வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி வரச் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பசியாற இட்லி உண்டு. பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவோம், மத்தியானம் மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது.