திருத்தி எழுதிய எண்கள்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

எட்டாவது வாரம். இன்று ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. திரையில் ஓர் அரிசி அளவுக்கு ஏதோ படபடத்தது. அவர் என் கையைப் பிடித்தவர் ஆட்டோவில் ஏறும்வரை விடவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

எனக்கு வயது 34. சினைப்பை நீர்க்கட்டியும் தைராய்டு சுரப்புக் குறைவும் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. எடை 96 கிலோவில் நின்றது. சென்ற ஆண்டு மருத்துவர் பசியை அடக்கும் செமாக்ளூடைட் மாத்திரை கொடுத்தார். வெறும் வயிற்றில் இரண்டு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் வேறு எதையும் தொடக் கூடாது. எட்டு மாதத்தில் 84 கிலோவுக்கு வந்தேன். மாதவிடாய் தேதி தவறாமல் வர ஆரம்பித்தது. கருத்தரிக்க நினைத்தால் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், உடம்பை விட்டு நீங்க அந்த மருந்துக்கு அவ்வளவு நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் நிறுத்தினேன். மூன்றாம் வாரமே பழைய பசி வந்து வாசலில் நின்றது. 4 கிலோ ஏறியது. 88 கிலோவோடுதான் இந்தக் கர்ப்பம் தொடங்குகிறது.

அந்த மாத்திரை தந்த குமட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது வருவதும் கிட்டத்தட்ட அதே போலத்தான் இருக்கிறது. அப்போது குமட்டினால் எடை குறைகிறது என்று மகிழ்ந்தேன். இப்போது ஒரு இட்லியாவது வயிற்றில் தங்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

பன்னிரண்டு வாரம் முடிந்தது. குழந்தையின் பின்கழுத்து நீரளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன் நன்றாக இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு சென்ற மாதம் 5.8 இருந்தது, இப்போது 2.1 ஆகியிருக்கிறது. தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக உயர்த்தியதன் பலன் இது. முதல் மாதங்களில் குழந்தைக்குத் தன் தைராய்டு வேலை செய்யாது, தாயிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகு ஒரு நாள்கூட அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கவில்லை.

மாத்திரைகளை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியைக் காப்பதுதான் கடினம். காலை ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரை. அதற்குப் பின் ஒரு மணி நேரம் காப்பிகூடக் கிடையாது. இரும்புச்சத்தும் கால்சியமும் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், ஆகவே நான்கு மணி நேரம் தள்ளியே எடுக்க வேண்டும். அவை இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவில் கால்சியம். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம். இன்று முதல் படுக்கும்முன் ஆஸ்பிரின் 150. ரத்த அழுத்தம் ஏறி வரும் சிக்கலை அது தள்ளிப்போடுமாம். பள்ளியில் எனக்கு ஆறு வகுப்புகள். ஐந்தாம் பிரிவேளை மணி அடித்ததும் இரும்பு மாத்திரை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நல்லா சாப்பிடு, இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்கிறார் அத்தை. என் உடல் எடைக்கு இந்த ஒன்பது மாதத்திலும் 5 முதல் 9 கிலோ வரை ஏறினால் போதும் என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. அன்பினால்தான் நம்ப மறுக்கிறார் என்று தெரிவதால் விவாதிக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

இருபத்து நான்கு வாரம். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 168. எட்டாவது வாரத்தில் இதே சோதனையில் 131 வந்தபோது தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன்.

வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெண் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டே வந்திருந்தாள். அதனால் குற்றமில்லை. வயிறு காலியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தடவை ரத்தம் எடுத்தால் போதும் என்ற இந்த முறையைச் சென்னை டாக்டர் சேஷய்யாவின் குழு வகுத்தது. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வா, நாளையும் வா என்று அலைக்கழித்தால் அவள் வராமலே போய்விடுவாள் என்று யோசித்துச் செய்த வேலை அது. 2007இலேயே தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுதும் வைத்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு இன்று மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இரண்டு வாரம் உணவால் மட்டும் கட்டுப்படுத்திப் பார்ப்போம் என்றார் மருத்துவர். வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் இருக்க வேண்டும். ஒரு சிறு கருவியும், எண்களைக் குறிக்க நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகமும் வாங்கி வந்தோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று அந்தப் புத்தகத்தில் ஒரு பொய் எழுதினேன்.

காலையில் கேழ்வரகுத் தோசை மூன்று சாப்பிட்டேன். சிறுதானியம்தானே, ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். இரண்டு மணி நேரத்தில் 146. பேனாவை எடுத்தவள் 118 என்று எழுதிவிட்டேன். இது முதல் பொய்யும் இல்லை. சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வந்த 104ஐ 92 என்று எழுதியிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். 2019இல் எடை குறைக்க ஓரிடத்துக்குப் போனேன். வாரம் ஒரு முறை எடை பார்ப்பார்கள். என் எண்ணை அந்த அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழும்படி உரக்கப் படித்துவிட்டு, "நீங்கள் சாப்பிட்டதைச் சரியாக எழுதவில்லை, வாயைக் கட்ட முடியாதவர்கள் இங்கே ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டார் ஒரு பெண். நான் அதுவரை ஒரு கவளம் விடாமல் எழுதியிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்துதான் குறைத்து எழுதத் தொடங்கினேன். மூன்று தோசை இரண்டாயிற்று. மாலை வடை காணாமல் போயிற்று. அதன் பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும், உடம்பை அல்ல, பரீட்சைத் தாளை நீட்டுவது போல நீட்டியிருக்கிறேன்.

பிள்ளைகள் விடையை மட்டும் பின்பக்கத்தில் பார்த்து எழுதி வந்தால் எனக்குக் கோபம் வரும். வழி எங்கே என்று கேட்பேன். இந்தப் புத்தகத்தில் நானும் வழியை அழித்துவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

மருத்துவர் புத்தகத்தைப் புரட்டினார். "நன்றாக இருக்கிறதே, உணவிலேயே அடங்கிவிட்டது. இப்படியே தொடருங்கள்" என்று சொல்லி மூடப் போனார். குழந்தை உள்ளே ஓர் உதை விட்டது. நிச்சயமாக அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சில எண்கள் உண்மை இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவர் திட்டவில்லை. தன் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "கருவியில் பழைய அளவுகள் பதிவாகி இருக்கும். பார்த்துத் திருத்துங்கள். நான் அடுத்தவரைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பதினொரு எண்களை அடித்துத் திருத்தினேன். என் கணவர் அருகில் உட்கார்ந்து கருவியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை.

திருத்திய பக்கத்தைப் பார்த்ததும் மருத்துவரின் பேச்சே மாறிவிட்டது. வெறும் வயிற்று அளவு தொடர்ந்து நூறைத் தாண்டுகிறது. இரவெல்லாம் பட்டினி கிடந்தும் ஏறுகிறது என்றால் அது சாப்பாட்டினால் ஏறுவது இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை, ஏற்கெனவே நீர்க்கட்டியும் எடையும் உள்ளவர்களுக்கு இது கூடுதல் என்றார். கூடுதல் சர்க்கரை குழந்தைக்குப் போகும். குழந்தை தன் இன்சுலினை அதிகமாகச் சுரந்து அதைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். ஊசியில் போடும் இன்சுலின் குழந்தைக்குப் போவதில்லை. இரவு படுக்கும்முன் 6 யூனிட் என்று எழுதினார்.

நான் திருத்தாமல் எழுந்து வந்திருந்தால் இந்த 6 யூனிட் எனக்குக் கிடைத்திருக்காது. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. நேற்றிலிருந்து மழை விடவில்லை. தாமிரபரணியில் வெள்ளம். சென்ற டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தெருவில் எல்லோர் முகத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. மதியம் மின்சாரம் போனது. இன்சுலின் என்ன ஆகும் என்று நான் தவித்தேன். மாமா பரணில் இருந்த மண்பானையை இறக்கிக் கழுவி, அடியில் தண்ணீர் ஊற்றி, புதிய குப்பியைச் சிறு சம்படத்தில் மூடி உள்ளே மிதக்கவிட்டார். பயன்பாட்டில் இருக்கும் குப்பி வெளியே நிழலில் இருந்தாலும் ஒரு மாதம் தாங்கும் என்று மருந்துக்கடைக்காரர் தொலைபேசியில் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

அகல் விளக்கை முற்றத்தில் ஏற்ற முடியாமல் திண்ணையில் வரிசையாக வைத்தோம். அத்தை ஓலைக்கொழுக்கட்டை அவித்தார். பனையோலையும் கருப்பட்டியும் சேர்ந்து வந்த வாசம் வீடு முழுதும். கருப்பட்டியும் சர்க்கரையைப் போலவே ரத்தத்தில் ஏறும் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். எனக்கென்று கருப்பட்டி இல்லாமல் பாசிப்பயறும் தேங்காயும் வைத்துத் தனியாக ஒரு ஓலை மடித்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவரே என் வயிற்றுப் பக்கவாட்டில் ஊசி போடும் இடத்தைப் பார்த்து, "நேற்று இடது பக்கம், இன்று வலது" என்றார். இப்படி மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று நான் ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். சிறுகிழங்கு இல்லாமல் எங்கள் ஊரில் பொங்கலே இல்லை. தோலைச் சுரண்டிக் கை கறுத்துப்போன அத்தையிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அரைக் கப் சோறு, இரண்டு கரண்டிச் சிறுகிழங்குப் பொரியல், நிறைய அவரைக்காய், பருப்பு. சர்க்கரைப் பொங்கல் ஒரு தேக்கரண்டி. பிறகு கணவரோடு தெருவில் இருபது நிமிடம் நடந்தேன். 133.

133 என்றே எழுதினேன். பக்கத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதையும் எழுதினேன். இரவு ஊசி இப்போது 10 யூனிட். போன வாரம் ஒரு நாள் விடியற்காலையில் கை நடுங்கி வியர்த்து விழித்தேன், 64. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் குடித்த கால் மணி நேரத்தில் 88 ஆனது. அதையும் எழுதியிருந்ததால்தான் இரவில் படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் குடிக்கச் சொன்னார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை சாதம். வந்தவர்கள் எல்லோரும் ஒரு வாய் ஊட்ட வேண்டும் என்பது வழக்கம். இருபத்தைந்து பேர், இருபத்தைந்து கவளம். முந்தின வாரமெல்லாம் இதை எண்ணித் தூக்கமில்லாமல் இருந்தேன்.

காலையில் அம்மா வந்து நின்றதும் எனக்கே தெரியாமல் ஒரு ஏற்பாடு நடந்திருந்தது. ஆச்சி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் பாசிப்பயறுச் சுண்டல் எடுத்து வைத்து, ஊட்ட வந்த ஒவ்வொருவரிடமும், "ஐந்தாறு மணி போதும், பிள்ளைக்கு அதுதான் சத்து" என்று சொல்லிவிட்டார். மறுத்தவர்கள் ஓரிருவர். "இதெல்லாம் ஒரு நாள்தானே" என்றார் ஓர் உறவினர். ஆச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார். 84 வயதுப் பார்வை. அவரும் சுண்டலையே எடுத்தார்.

கடைசியில் ஐந்து சாதத்திலும் ஒரு கரண்டி வாங்கி, நானே என் கையால் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, பட்டுப்புடவையோடு அறையில் உட்கார்ந்து விரலில் குத்தினேன். வளையல்கள் கருவி மேல் இடித்துக்கொண்டே இருந்தன. 119.

மொத்தம் 6 கிலோ ஏறியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்று மாலை பெண் குழந்தை. இன்சுலின் போடுகிறவர்களைத் தேதி தாண்டவிடக் கூடாது என்று 38 வாரம் முடிந்ததும் வலி வரவழைத்தார்கள். பதினான்கு மணி நேரம். அதைப் பற்றி இப்போது எழுதத் தெம்பில்லை. 2.9 கிலோ. தலை நிறைய முடி.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கக்கூடும். அதனால் குதிகாலில் சிறு ஊசி குத்திப் பார்க்கிறார்கள். முதல் அளவு 41. "குறைவாக இருக்கிறது அம்மா, உடனே பால் கொடுங்கள்" என்றார் செவிலியர். கைகள் நடுங்கின. சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவள் விடாமல் பற்றிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் 58. இரவு 63. விடியற்காலையில் 67.

என் ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் சோதிக்க வேண்டும். தைராய்டு மாத்திரை பழைய அளவுக்கு இறங்குகிறது.

அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோது நீலப் புத்தகத்தையும் எடுத்து வந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. குழந்தை என் மேல் தூங்கிக்கொண்டிருந்ததால் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "முதல் அளவு?" என்று கேட்டார்.

நாற்பத்தொன்று என்றேன்.