இரண்டு நாள் வால்பிடித்த கதை

சனிக்கிழமை ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் துப்புரவு, இரண்டும் எங்கள் திருகோணமலையில். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் வேலைகளைப் பங்கிட்டபோது நான் தண்ணீர் மேசையைத்தான் கேட்டேன். கிடைத்தது வால். ஓட்டத்தில் கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவருக்கு எங்கள் குழுவில் அதுதான் பெயர். "வால் பிடிச்சே முன்னேறினவை இருக்கினம் அக்கா, யோசியாதேங்கோ" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அதற்கு முப்பது பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வேலை பொருத்தம்தான். நாற்பத்தாறு வயதில் ஓடத் தொடங்கியவள் நான். முதல் கிழமை ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தேன். அந்த ஒரு நிமிடத்திலேயே விலா பிடித்துக்கொள்ளும். கிழமைக்கு மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டி, மூன்றாம் மாதம்தான் நிற்காமல் ஐந்து கிலோமீற்றர் முடித்தேன். டச்பே கரையில் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடலாம். மேல் மணலில் ஓடினால் கெண்டைக்கால் இரண்டு நாளைக்குக் கதை சொல்லும். சல்வாரோடு ஓடுகிறவளைப் பார்த்துக் கடைவாசலில் இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதவில்லை. இப்போது அவர்களில் ஒருவரின் மகள் எங்களோடு ஓடுகிறாள்.

பாதை இதுதான்: டச்பேயில் தொடங்கி, பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கடைகள் தொடங்கும் இடம்வரை போய்த் திரும்பி இறங்கி, உட்துறைமுக வீதியைச் சுற்றி மறுபடி டச்பே. கோயில் வாசல்வரை போகவில்லை. அரைக்காற்சட்டையும் சப்பாத்துமாக அங்கே போய் நிற்பது சரியில்லை என்று முதலே பேசி முடிவெடுத்திருந்தோம். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. வழக்கமாகக் கோயிலுக்குப் போக யாரும் தடுப்பதில்லை என்றாலும், அறுபது பேர் ஒன்றாக ஓடி வந்தால் கதை வேறு. அதற்கு முற்கூட்டியே கடிதம் கொடுத்தோம். பொலிசுக்கு ஒன்று, குப்பை அள்ளுகிற உள்ளூராட்சிச் சபைக்கு ஒன்று. யாராவது இப்படி ஒன்றை நடத்த நினைத்தால், கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கதையில் வரும்.

விடிய ஐந்தே முக்காலுக்கு 63 பேர் தொடங்கினார்கள். ஆனி மாதம், ஆறு மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். ஏழரைக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சூட்டைக் கொண்டுவந்து முகத்தில் அறையும். வாலின் பையில் இருந்தவை: விசில், இரண்டு ஜீவனி பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்), பிளாஸ்டர், ஒரு போத்தல் தண்ணீர், இலக்கங்களும் தொலைபேசி எண்களும் எழுதிய தாள்.

பின்னால் ஓடினால் மற்றவர்களுக்குத் தெரியாதது தெரியும். முன்னால் போனவர்கள் தண்ணீர் மேசையில் குடித்த கோப்பைகளை எங்கே எறிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்குத் துப்புரவுக்கு வரப்போகிற அதே ஆட்கள்! கோட்டைக்குள் புள்ளிமான் ஒன்று அந்தக் கடதாசிக் கோப்பை ஒன்றை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊர் மான்களுக்கு மனிதப் பயம் போய்ப் பல காலம். பஸ் நிலையம்வரைக்கும் வந்து பொலித்தீன் பையைச் சப்பும். கோப்பையை அதன் மூக்கடியிலிருந்து எடுத்தேன். ஏதோ நான் அதன் காலைச் சாப்பாட்டைப் பறித்த மாதிரி ஒரு பார்வை.

முடிவிடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாரும் இலைக்கஞ்சியும் பனங்கட்டியுமாக இருந்தார்கள். வந்தவர்களின் கணக்கோ 62.

திரும்பும் இடத்தில் இரண்டு பெடியன்களை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு இறப்பர் வளையம் கொடுக்கச் சொல்லியிருந்தோம். பாதி வழியில் திரும்பி வராமல் இருக்க அந்த ஏற்பாடு. அவர்களிடம் கேட்டால், கொடுத்தது 63 வளையம். அப்படியானால் ஆள் மேலேவரை போயிருக்கிறார், இறங்கும்போதுதான் காணாமல் போயிருக்கிறார். ஆனால் இறங்கும்போது எல்லாருக்கும் பின்னால் வந்தவள் நான். என்னைத் தாண்டி ஒருவர் எப்படி நிற்க முடியும்? தாளைப் பார்த்தோம். இலக்கம் 17, எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா. போன் அடித்தால் அவரது வீட்டில் பேரன் எடுக்கிறான்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல், மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு. அந்த வயதில் நெஞ்சு பிடித்து ஒரு மரத்தடியில் விழுந்து கிடந்தால்? மோட்டார் சைக்கிளில் ஏறி மறுபடி கோட்டைக்குள் போனேன். விசிலை ஊதிக்கொண்டே போனதில் மான்கள்தான் விலகி நின்றன.

அவர் கோயில் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். நெற்றி நிறைய திருநீறு. வெறும் மேல். ரீசேட் தோளில், அதில் 17ஆம் இலக்கம் தலைகீழாகத் தொங்கியது. கையில் சப்பாத்து, மணிக்கட்டில் இறப்பர் வளையம்.

"ஐயா, எங்க போனீங்கள்? நாங்கள் தேடாத இடமில்லை!"

"நானென்ன துலைஞ்சா போனன்? வளையத்தை வாங்கினன், பூசை மணி கேட்டுது. கேட்ட பிறகு இறங்கி ஓடுறதே, பிள்ளை?"

ஏறுங்கள் என்று மோட்டார் சைக்கிளைக் காட்டினேன். ஏறமாட்டாராம். ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தவர் ஓட்டத்தை முடிக்கத்தானே வேண்டும். மோட்டார் சைக்கிளை அங்கேயே ஒரு கடையடியில் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். வால் என்றால் கடைசி ஆளுக்குப் பின்னால்தானே வரவேண்டும். உட்துறைமுக வீதியில் இரண்டு தடவை அவர் ஓடவும் செய்தார். 2 மணி 10 நிமிடம். கைதட்டல் அவருக்குத்தான் கூட. அடுத்த முறை திரும்பும் இடத்தில் வளையம் கொடுப்பதோடு, வால் வந்து சேரும்வரை அந்தப் பெடியன்கள் தாளில் இலக்கத்தையும் எழுதவேண்டும், மேலே போகிற ஆளையும் கவனிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஞாயிறு. உப்புவெளியில் ஆறரைக்கே எழுபது பேர்போல நின்றார்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் அறிவித்தல். தொடக்கி வைத்தவர், நாங்கள் எதிர்பார்த்தபடியே, அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பேசி முடித்தார். பேசி முடித்த பத்தாவது நிமிடம் மாணவர் குழு ஒன்று கரை மேட்டில் உண்மையான அடம்பன் கொடியைத் திரட்டிப் பிடித்து வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது. களை என்று நினைத்துவிட்டார்கள். ஓடிப்போய் நிறுத்தினேன். அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன, அவை போனால் மேடு காற்றோடு போகும் என்று சொன்னதும் ஒரு பிள்ளை இழுத்த கொடியை மறுபடி நட்டாள். பிழைத்திருக்குமோ தெரியாது.

எட்டு மணிக்குப் பாதிப் பிள்ளைகள் அறநெறி வகுப்புக்கும் ரியூசனுக்கும் போய்விட்டார்கள். இதை நாங்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். மிச்சப் பேர் பொறுக்கினோம்: தண்ணீர்ப் போத்தல், யோகட் கோப்பை, சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற், ஒற்றைச் செருப்புகள் (ஒரு சோடிகூடச் சேரவில்லை), பியர்ப் போத்தல், அறுந்த வலைத் துண்டு. கரைவலை இழுக்கிற பக்கம் மட்டும் போகவில்லை. கயிற்றை மிதித்தால் அவர்கள் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட.

மொத்தம் 41 சாக்கு. பத்து மணிக்கு ட்ரெக்டர் வரும் என்று சபையில் வாய் நிறையச் சொல்லியிருந்தார்கள். முத்திரை குத்திய பிரதி என் பையில் இருந்தது. பதினொன்றாகியும் காணோம். போன் அடித்தால் இன்னொருவரைக் கேளுங்கள் என்றார்கள், அந்த இன்னொருவர் போனை எடுக்கவில்லை. எல்லாரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சாக்குகளை விட்டுவிட்டுப் போனால் மாடும் நாயும் காகமும் இரவுக்குள் பழையபடி பரப்பிவிடும் என்பதால், கடைசியில் நானும் இரண்டு தம்பிமாரும் நிழலில் குந்திக்கொண்டிருந்தோம். இதற்கும் வால் என்றே பெயர் வைக்கலாம்.

பன்னிரண்டரைக்கு மீன் ஏற்றுகிற ஒரு நானா தன் பட்டா லொறியைக் கொண்டுவந்தார். போத்தல் சாக்குகளைப் பழைய சாமான் வாங்கும் இடத்தில் இறக்குவது, மற்றதைத் திங்கள் வரை அவருடைய வளவில் வைப்பது என்று ஏற்பாடு. ஏற்றி முடித்து அவர் என்ஜினைப் போட்ட நேரம், கரைவலைக்காரர் ஒருவர் மணலில் வேகமாக நடந்து வந்தார்.

"தங்கச்சி, அந்தத் தென்னையடியில நாலு ரெஜிஃபோம் துண்டு கயிறு கட்டி வச்சிருந்தன். அது குப்பையில்லை. என்ர வலை மிதப்பு."

ரெஜிஃபோம் என்றால் பெட்டிகளில் வரும் அந்த வெள்ளை நுரைத் துண்டு. தம்பிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இறக்கினோம். ரெஜிஃபோம் உள்ள சாக்குகள் எவை என்று யாருக்கும் தெரியவில்லை, வெளியில் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். ஆறாவது சாக்கில் இரண்டு, பதினைந்தாவதில் ஒன்று. அவர் கையில் மூன்றையும் பிடித்துக்கொண்டு நாலாவதுக்காகக் காத்து நின்றார். நானா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அடுத்த சாக்கின் மறுமுனையைப் பிடித்தார்.