கதவில் தொங்கிய பலகை

2017 நவம்பரில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகருக்கு வந்து சேர்ந்தோம். பாட் கான்ஷ்டாட் பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. இரண்டாவது வாரம் வேலை முடிந்து வந்தபோது கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. 'கேர்வொஹ' என்று எழுதியிருந்தது. முன்பு குடியிருந்தவர்களுடையது போல என்று எடுத்து உள்ளே செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

பத்து நாள் அங்கேயே கிடந்தது. ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டு அம்மா மணியடித்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிரிப்பில்லை, நலம் விசாரிப்பு இல்லை. படிக்கட்டைக் காட்டினார், பிறகு செருப்பு அலமாரியைக் காட்டினார். அவர் பேசியதில் கால்வாசிதான் எனக்குப் புரிந்தது. கோபம் மட்டும் முழுசாகப் புரிந்தது.

கேர்வொஹ என்றால் 'பெருக்கும் வாரம்'. இந்தப் பக்கத்து ஷ்வாபிய மக்களின் பழைய வழக்கம். வாரக் குப்பையை அவரவரே அகற்ற வேண்டும் என்று 1492லேயே ஷ்டுட்கார்ட்டில் சட்டம் இருந்திருக்கிறது. பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும், முடித்ததும் அடுத்த கதவில் மாட்ட வேண்டும். 'பெரிய பெருக்கும் வாரம்' என்ற முறை வந்தால் வாசல் நடைபாதையும் சேரும். குளிர்காலத்தில் காலை 7 மணிக்குள் பனியையும் தள்ளியாக வேண்டும். முழுக் கட்டடத்தின் முறையும் என் செருப்பு அலமாரியில் சிக்கிக் கிடந்திருக்கிறது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். "நம்ம நிறத்தைக் கண்டாலே அந்தம்மாவுக்கு ஆகலம்மா. அவ்வளவு திமிர்." என் பக்கம் சொல்ல எத்தனையோ இருந்தது. மொழி தெரியாது, மகனுக்குக் காய்ச்சல், வேலை புதுசு, பலகை என்னவென்றே தெரியாது. எனக்கு நான்கு காரணம் வைத்திருந்தேன். அவருக்கு ஒரே ஒரு குணம்தான் கொடுத்தேன்.

நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் இங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக்கு வீடு தேடியபோது, போனில் என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. அந்த நிமிடத்தில் எது எதனால் என்று தெரிவதில்லை. அதுதான் வலி.

மறு வருஷம் ஜனவரியில், காலை ஆறரைக்கு நான் பனி தள்ளப் போனபோது அந்த அம்மா ஏற்கெனவே உப்புக்கல் தூவிக்கொண்டிருந்தார். அன்று அவருடைய முறைகூட இல்லை. ஈரமாகக் கிடந்த படியில் ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததாம். எந்தப் படி என்று கையுறை போட்ட விரலால் காட்டினார். எங்கள் மாடிக்கு ஏறும் படி. நாங்கள் பத்து நாள் துடைக்காமல் விட்ட படி.

ஆபீஸிலும் இதே கதைதான், வேறு மாதிரி. தாமதமாகப் போனால் ரயில் நின்றது, பிள்ளையைக் காப்பகத்தில் விட நேரமானது என்று எல்லாவற்றையும் சொல்வேன். விளக்கம் சொல்வது எனக்கு மரியாதை. எதிரில் இருப்பவரை மதிப்பதால்தானே சொல்கிறோம்? ஆனால் அவர்கள் காதில் அது 'அவுஸ்ரேட' என்று விழுந்திருக்கிறது. அதாவது சாக்கு. "முதலில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேள். காரணத்தை அவர்கள் கேட்டால் சொல்" என்று கூட வேலை பார்ப்பவர் ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஒருவர் செய்ததற்கு அவர் குணத்தைக் காரணம் சொல்கிறோமா, சூழலைச் சொல்கிறோமா என்று நம் ஊரைச் சம்பந்தப்படுத்தியே ஓர் ஆய்வு இருக்கிறது. 1984ல் ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் சிகாகோவிலும் மைசூரிலும் ஆட்களிடம் பேசி வெளியிட்டது. அதில் ஒரு சம்பவம்: ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னால் இருந்தவர் விழுந்து அடிபடுகிறார். வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, டாக்டரிடம் பேசாமலே கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் அந்த ஆளின் குணத்தைச் சொன்னார்கள். மைசூர்க்காரர்கள் கோர்ட்டு வேலை, அவருடைய பொறுப்பு, அன்றைய நிலைமை என்று சூழலைச் சொன்னார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வளர வளரத்தான் விலகியது. ஆக, இது கூடவே பிறப்பதில்லை, பழகி வருவது.

எப்படிப் பழகும் என்று 2023ல் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது மாடிக்குக் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கைக்குழந்தை. பலகை அவர்கள் கதவில் ஒன்பது நாள் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம், "பொறுப்பே இல்லாத ஜனங்கம்மா" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கைப்பிள்ளை இருக்குன்னியே, அதுக்கு உடம்புக்கு என்னமோ?"

போனை வைத்துவிட்டு நேரே இறங்கிப் போனேன். அந்தத் தம்பி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா, நீங்களே வந்துட்டீங்க. இது என்னங்க? எடுக்கலாமா வேண்டாமான்னு தெரியலைங்க. கேட்கலாம்னு பார்த்தா பாப்பாவுக்கு வயிறு சரியில்லைங்க, நாலு நாளா யாரும் தூங்கலை" என்று ஆரம்பித்து, டாக்டரிடம் நேரம் கிடைக்காதது வரை சொன்னார். எல்லாவற்றையும் நின்று கேட்டேன். பிறகு, துடைப்பமும் வாளியும் இருக்கும் இடத்தைக் காட்ட நிலவறைக்குக் கூட்டிப் போனேன்.

திரும்பி வரும்போது கீழ்வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "புதுசாக வந்திருக்கிறார்கள். பலகை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தைக்கும் உடம்பு சரியில்லை" என்று ஜெர்மனில் சொன்னேன்.

"ஆஹ் ஸோ" என்றார். அப்படியா சங்கதி என்று அர்த்தம். இரண்டு படி ஏறிவந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.