ஃபுல் நைட்டுக்கு ஆள் வேணும்

நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை என்றால் வருகைப் பதிவேட்டில் டிக் போடுவது என்றுதான் என் சொந்தக்காரர்களே நினைக்கிறார்கள். விரல் வைக்கும் மெஷின் வந்த பிறகு அந்த டிக்கும் போய்விட்டது. உண்மையான வேலை, காலை 8, மாலை 4, இரவு 12 என்று மூன்று முறை சங்கு ஊதும்போது ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் தேவையான ஆள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது. டே, ஆஃப் நைட், ஃபுல் நைட். மூன்றில் ஃபுல் நைட்தான் எங்களைப் படுத்தி எடுக்கும்.

எங்களுடையது பல்லடம் பக்கம் ஒரு நடுத்தர மில். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் ஓர் ஆள் குறைந்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் முடியாது. ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேல் கதிர்கள் (ஸ்பிண்டில்) சுற்றும். இழை அறுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டே நடப்பவர் சைடர். சைடர் குறைந்தால், மீதி இருப்பவர் எத்தனை பக்கம்தான் ஓடுவார்? ஒட்டாத இழையின் பஞ்சு எல்லாம் உறிஞ்சு குழாய்க்குள் போய்க் கழிவாகக் கொட்டும். நூல் சுற்றி நிறைந்த குழல்களை, அதாவது காப்களை, கழற்றும் டாஃபர் குறைந்தால் இன்னும் மோசம். காப் நிறைந்த ஃபிரேம், கழற்ற ஆளில்லாமல் அப்படியே நிற்கும். காலையில் ஸ்பின்னிங் மாஸ்டர் உற்பத்திக் கணக்கைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் மேசைக்கு வருவார்.

முன்பெல்லாம் ஆள் குறைவு எங்களுக்கு எப்போது தெரியும் என்றால், மில் வேன் கேட்டுக்குள் வந்து கதவு திறந்த பிறகுதான். இரவு 11:40க்கு இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தால் நாலு பேர் இல்லை. அதற்கப்புறம் யாரைக் கூப்பிடுவது? ஆஃப் நைட் முடித்துக் கிளம்பப்போகிறவர்களிடம் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவதுதான் வழி. "இன்னிக்கு ஒரு நாள் டபுள் பார்த்துடுங்க." அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்போம்.

2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களை இந்தப் பக்கத்து மில்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாலை 6 முதல் 10 வரை பீக் ஹவர், மின்சாரம் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆஃப் நைட் என்ற ஷிப்டே அர்த்தமில்லாமல் போனது. இன்று நாலு மணிக்கு வா, நாளை பத்து மணிக்கு வா என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். அந்தத் தகவலை ஊர் ஊராகச் சொன்னது வேன் டிரைவர்கள்தான். கரடிவாவியில் இறங்கும் ஒருவரிடம் சொன்னால் அந்தத் தெருவுக்கே போய்விடும், பாதி நாள் தப்பாக. "டைம் ஆபீசில் அப்படிச் சொன்னாங்களாம்" என்று யார் யாரோ வந்து நிற்பார்கள்.

வாட்ஸ்அப் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே இருப்பவர்கள் நம்பினார்கள். டிபார்ட்மென்டுக்கு ஒரு குரூப் போட்டோம். முதல் மாதத்திலேயே குட் மார்னிங் ரோஜாவும் முருகன் படமும் கல்யாணப் பத்திரிகையுமாக நிறைந்துவிட்டது. நடுவில் நான் போட்ட 'ஃபுல் நைட்டுக்கு இரண்டு சைடர் தேவை' எங்கோ புதைந்து கிடந்தது. அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றினோம். குரூப் சுத்தமானது, ஆனால் ஊமையாகவும் ஆனது. நான் கேட்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருவரும் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் பதில் சொல்லத் திறந்துவிட்டால் கட்டைவிரல். ஒரு நாள் மூன்று கட்டைவிரல் வந்ததை நம்பி மூன்று பேர் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். வேனில் வந்தது ஒருவர். மறுநாள் ஒரு சைடர் அக்காவைக் கேட்டேன். "நீங்க அனுப்புனதைப் பார்த்துட்டேன்னு போட்டேனுங்க. வர்றேன்னு எங்க சொன்னேன்?" என்றார். நியாயம்தானே. அன்றிலிருந்து கட்டைவிரல் செல்லாது. வருவதானால் 1, முடியாதென்றால் 2, டைப் பண்ணத் தெரியாதவர்கள் வாய்ஸில் ஒரு வார்த்தை. எனக்குத் தேவையான ஆள் கிடைத்தவுடன் 'ஆள் ஆச்சு' என்று நானும் ஒரு வாய்ஸ் போட்டுவிடுவேன். இந்தக் கடைசி வேலையைப் பல சூப்பர்வைசர்கள் செய்வதில்லை. முடித்துச் சொல்லாவிட்டால் பத்து மணிக்கும் யாராவது "இன்னும் வேணுமாங்க்கா" என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேர் கேட்ட இடத்துக்கு நாலு பேர் வந்து நின்று, இருவரைத் திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அந்த நாலு பேரும் வர மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் ஆள் குறைந்த பிறகு நிரப்புகிற கதை. குறையப் போகிறது என்று முன்கூட்டியே தெரிவதுதான் முக்கியம். அங்கேதான் நீண்ட நாள் முட்டிக்கொண்டு நின்றோம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ஒரு மெசேஜ் போட அரை நிமிடம். ஏன் போடுவதில்லை?

திட்டு விழும் என்பதால்தான். வரவில்லை என்று மெசேஜ் வந்த அடுத்த நிமிடம் ஷிப்ட் சூப்பர்வைசர் போன் பண்ணி, என்ன காரணம், யாருக்கு உடம்பு சரியில்லை, போன மாதமும் இதையேதானே சொன்னாய் என்று குடைவார். சொல்லாமல் இருந்துவிட்டால் அந்த இரவு நிம்மதி. திட்டு மறுநாள்தான், அதற்குள் சூடும் ஆறியிருக்கும். நான் தொழிலாளியாக இருந்தாலும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன்.

மாஸ்டரிடம் இதைப் பேசினேன். ஃபுல் நைட்டுக்கு வராதவர்கள் இரவு 8:30க்குள் சொல்லிவிட்டால் அன்று இரவு யாரும் திருப்பிக் கூப்பிடக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது. லீவு கணக்கு, சம்பளப் பிடித்தம் எதுவானாலும் பகலில் பார்த்துக்கொள்ளலாம். கடைசி ஊரிலிருந்து வேன் 10:30க்குத்தான் கிளம்பும், அதனால் எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

"ஏம்மா, வராதவனுக்கு நன்றி வேற சொல்லணுமா?" என்றார்.

"நன்றியெல்லாம் வேண்டாங்க சார். திட்டாம இருந்தாப் போதும்."

அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார். சில வாரம் ஒன்றும் மாறவில்லை. யாரும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒருவர் சொன்னார், திட்டு விழவில்லை என்பதை அடுத்தவரிடம் சொன்னார், அப்படியே பரவியது. இப்போது நோம்பி என்கிற ஊர்த் திருவிழா, முகூர்த்த நாள், சம்பளம் போட்ட மறுநாள் என்று நாங்கள் பயப்படும் நாட்களிலும் வேன் கதவு திறக்கும்போது அதிர்ச்சி குறைவு. ஆள் குறைவு குறையவில்லை, அது வேறு பிரச்சினை. முன்னால் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம்பர் விஷயம் தனி வேதனை. எங்கள் பதிவேட்டில் இருக்கும் பெண்களின் நம்பரில் பாதி அவர்களுடையது இல்லை. வீட்டுக்காரருடையது, இல்லையென்றால் காலேஜ் போகும் மகனுடையது. எக்ஸ்ட்ரா ஷிப்டுக்கு வருகிறீர்களா என்று நான் கேட்கும் கேள்விக்கு வீட்டுக்காரர்தான் பதில் போடுகிறார். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "நீங்க சாயங்காலமே கேட்டிருக்கீங்க. நான் சோறாக்கி வெச்சுப்போட்டு உட்கார்ற நேரத்துக்கு, உன்னை நைட்டுக்கு வரச் சொல்லிட்டேன்னு சொல்றாருங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கோணுமல்ல?" அவருக்கு இப்போது பட்டன் போனில் நேரடியாகக் கூப்பிடுகிறேன். இரவு வேலையில் பெண்கள் இருப்பதே எங்கள் தலைமுறையில் வந்த மாற்றம். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டிலிருந்து அழைத்துப்போய்க் கொண்டுவிட வண்டி முதலான நிபந்தனைகளும் கூடவே இருந்தன. வண்டி ஏற்பாடு பண்ணுகிறோம். வர விருப்பமா என்று அவரையே கேட்பதும் அதில் சேர்த்திதான் என்று நான் நினைக்கிறேன்.

தீபாவளி லீவுக்கு வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தோம். யார் எந்த நாளைத் தொட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிகிறதே, பெரிய சண்டை. போன வருசமும் நீதானே முதல் நாள் எடுத்தாய் என்று ஆரம்பித்து டாஃபர் இருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறினேன். ஒரே செய்தி எல்லோருக்கும் போகும், பதில் எனக்கு மட்டும் தனியாக வரும். இதில் ஒரு பொறி உண்டு. என் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போகவே போகாது, அவர்களும் பதில் போடாத திமிர் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்குவார்கள். இப்போது வேலைக்குச் சேரும் நாளிலேயே, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுப் பாரத்தில் கையெழுத்து வாங்கும்போது, போனை எடுக்கச் சொல்லி 'டைம் ஆபீஸ் அக்கா' என்று சேமிக்க வைத்துவிடுகிறேன்.

இன்னொன்றில் நான் ரொம்பப் பிடிவாதம். ஃபுல் நைட் முடித்துப் போனவர்களுக்குக் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 வரை எந்த மெசேஜும் போகக் கூடாது. ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று லிஸ்ட் வைத்திருப்பதே இதற்காகத்தான். தகரக் கூரை வீட்டில், குழந்தை அழுகைக்கு நடுவில், பகலில் ஐந்து மணி நேரம் தூங்குவதே பெரிய பாடு. அதில் கட்டிலுக்குப் பக்கத்தில் போன் டிங் டிங் என்று அடித்தால் இரவில் ஃபிரேம் பக்கத்தில் நின்று அவர் எப்படி விழிப்பார்? எங்கள் ஆபீசில் ஒரு பையன், "சும்மா போட்டு வெப்போங்க்கா, எந்திரிச்சதும் பார்க்கட்டும்" என்பான். யாரும் அப்படி வைத்துவிட்டுப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டால் கை போய்விடும்.

டபுளும் அப்படித்தான். உடனே கேட்க வழி வந்ததும், உடனே டபுள் கேட்பதும் சுலபமாகிவிட்டது. நாங்கள் கைப்பழக்கமாக வைத்திருப்பது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம், ஓய்வு நாள் இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவிப்பு வந்தபோது எங்கள் கேன்டீனில் டீ ஆறும் வரை அதே பேச்சு. டபுள் பார்ப்பவர்கள் சட்டத்தைப் பார்த்து வருவதில்லை, பணத்துக்காக வருகிறார்கள், உண்மை. ஆனாலும் ஆஃப் நைட் முடிக்கப்போகிறவரின் பெயர் ஃபுல் நைட் லிஸ்டில் இருக்காது. அவராக வந்து கேட்டாலும் மாஸ்டர் கையெழுத்து வேண்டும். அன்றைக்கு வார ஓய்வில் இருப்பவர்களுக்குத்தான் முதல் மெசேஜ்.

வாராந்திர ஷிப்ட் பட்டியல் இன்னமும் கேட் பக்கம் போர்டில்தான் ஒட்டுகிறோம். அதன் போட்டோ வாட்ஸ்அப்பில் போகும். இரண்டும் முரண்பட்டால் போர்டில் இருப்பதுதான் கணக்கு. டிபார்ட்மென்டுக்குள் போன் கொண்டுபோகத் தடை, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆகவே ஷிப்ட் நடுவில் ஏதாவது மாற்றம் என்றால் பழையபடி மேஸ்திரி நடந்து போய் காதுக்குள் கத்துவதுதான். மெஷின் சத்தத்தில் வேறு வழி கிடையாது.

ஒடிசா ஆட்களுக்கு நான் போடும் தமிழ் வாய்ஸ் புரிவதில்லை. சிம்ப்ளெக்ஸ் மெஷினில் இருக்கும் ஒரு ஒடிசாப் பையன் தமிழும் நன்றாகப் பேசுவான், அவன் அதையே ஒடியாவில் பேசி அனுப்புகிறான். மாதம் ஒரு சிறு தொகை அதற்கென்று கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன், ஓசியில் செய்யும் வேலை நாள்பட நிற்காது. அவன் சொன்ன யோசனைதான் இப்போது எனக்கு ரொம்ப உதவுகிறது. ஊருக்குப் போகிறவர்கள் ரயில் டிக்கெட் எடுத்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது என்பதால், ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே எந்தத் தேதியில் எத்தனை டாஃபர் ஒடிசா வழியாகப் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் இருப்பார்கள் என்று என் நோட்டில் ஏறிவிடும். வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களைப் பென்சிலில் எழுதுகிறேன். ரத யாத்திரைக்குப் போகிறவர்களில் நாலு பேருக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை, தினமும் காலையில் அவர்களைவிட நான்தான் அதிகமாகப் பார்க்கிறேன்.