குருத்துவ அழைத்தலைத் தேர்ந்து தெளிந்த காலம்

பீடச்சிறுவனாக, அதாவது திருப்பலியில் குருவுக்கு உதவும் சிறுவனாக, வளர்ந்த பலரையும் போல எனக்கும் கத்தோலிக்கக் குருவாக வேண்டும் என்ற ஆசை சிறுவயதிலேயே இருந்தது. ஆசை வேறு, அழைத்தல் வேறு என்பதையும், இரண்டையும் பிரித்தறியத் திருச்சபை வகுத்திருக்கும் வழி எவ்வளவு பொறுமையானது என்பதையும், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகே அறிந்துகொண்டேன். வேலைக்குப் போய்க்கொண்டே இதே கேள்வியை மனத்தில் சுமக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பங்குத்தந்தையிடம் சென்றேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிந்தவரை வார நாள் திருப்பலியில் பங்கேற்கவும், ஓர் ஆன்ம வழிகாட்டியைத் தேடிக்கொள்ளவும் சொன்னார். அந்த வழிகாட்டி தாமாக இருக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். பின்னாளில் எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர் அவர். மனத்தை ஒளிவுமறைவின்றித் திறந்து காட்டும் இடமும், தகுதியை மதிப்பிடும் இடமும் ஒன்றாக இருந்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்பது அவருடைய விளக்கம். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும் என்று இப்போது நினைக்கிறேன்.

மயிலாப்பூரில் இயேசு சபையார் நடத்தும் தியான ஆசிரமத்தில் ஒரு குருவானவர் எனக்கு வழிகாட்ட இசைந்தார். அந்தச் சபையைத் தொடங்கிய புனித இலொயோலா இஞ்ஞாசியார் தந்த முறையில் அவர் என்னை நடத்தினார். 1521-இல் ஸ்பெயின் நாட்டின் பம்பலோனாக் கோட்டையில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், வீரக் கனவுகள் தந்த மகிழ்ச்சி விரைவில் வறண்டுபோனதையும், புனிதர்களைப் போல வாழலாம் என்ற எண்ணம் தந்த மகிழ்ச்சி நெஞ்சில் தங்கியதையும் கவனித்தார். தேர்ந்து தெளிதல் என்று நாம் சொல்வது அந்தக் கவனிப்பிலிருந்தே வளர்ந்தது. நானும் ஒவ்வோர் இரவும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எது இறைவனிடம் இழுத்தது, எது விலக்கியது என்று குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பேட்டைப் படித்தபோது ஒன்று தெளிவானது: பெருவிழாத் திருப்பலிகளில் எழுந்த ஆர்வம் வந்து வந்து போனது, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்ற அருள்தந்தையுடன் துணைக்குச் சென்ற நாள்களின் நிறைவு வாரக்கணக்கில் நிலைத்தது.

வறட்சியான காலமும் வந்தது. செபிக்க உட்கார்ந்தால் அலுவலகக் கவலைகளே ஓடின; எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. வறட்சிக் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்ற இஞ்ஞாசியாரின் விதியை வழிகாட்டி அப்போது நினைவூட்டினார். சாந்தோம் பேராலயத்தில் தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்தில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்த மாலைகளே அந்த நாள்களில் என் செபம்.

என்னை மிகவும் பக்குவப்படுத்தியது திருமணத்தைப் பற்றிய கேள்விதான். "திருமணம் உனக்கு நல்லதாகத் தெரிகிறதா?" என்று வழிகாட்டி கேட்டார். திருமணம் வேண்டாம் என்பதாலோ, குடும்பப் பொறுப்புக்கு அஞ்சியோ, குருக்களை உருவாக்கும் குருமடத்துக்குப் போகிறவன் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் பலிபீடத்துக்குப் போகிறான். மனைவியோடும் பிள்ளைகளோடும் நான் மகிழ்ச்சியாக, புனிதமாக வாழ முடியும் என்பதை உளமார ஏற்ற பிறகுதான், அதை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சுதந்திரமும் வந்தது. அருள்பொழிவு பெறுபவர் அதற்குரிய சுதந்திரத்தோடு இருக்க வேண்டும், யாரும் அவரை வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமும் சொல்கிறது.

இயேசு சபை போன்ற துறவற சபையில் சேர்வதா, ஓர் ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்தில் குருவாவதா என்பது விரைவிலேயே முடிவானது. வளர்ந்த ஊரின் பங்குகளிலேயே, இந்தச் சென்னை-மயிலை மக்களோடு வாழ வேண்டும் என்ற எண்ணம் ஒருபோதும் மாறவில்லை.

வீட்டில் பேசியது கடினம். அப்பா கடைசியில் சம்மதித்தார். ஒரே மகனை அனுப்பும் அம்மாவின் கண்ணீரை விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வழங்குவது என்னுடைய காணிக்கையைவிடப் பெரிது. அவர்களுடைய பிற்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று மறைமாவட்ட அழைத்தல் இயக்குநரும் கேட்டார். அக்காவோடு கலந்து, அதற்கு நேர்மையான பதிலைச் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு அழைத்தல் முகாம், நேர்காணல், உளவியல் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, திருமுழுக்கு மற்றும் உறுதிப்பூசுதல் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாக நடந்தன. உளவியல் மதிப்பீட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கேட்பதற்கு உண்மையைச் சொன்னால் போதும்.

ஜூன் மாதம் தொடக்கப் பயிற்சியில் சேர்கிறேன். மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது 6 ஆண்டுகள் படிக்க வேண்டும். 1936-இல் தொடங்கிய பூந்தமல்லி திரு இருதயக் குருமடத்தைப் பார்க்கச் சென்றபோது, அங்கிருந்த குருமாணவர் ஒருவர், இடையில் வீடு திரும்பிய நண்பர்களைப் பற்றி மிகுந்த மதிப்போடு பேசினார். குருமடத்திலும் தேர்ந்து தெளிதல் தொடர்கிறது. நான் என்னைச் சோதிப்பது போலவே திருச்சபையும் என்னைச் சோதிக்கும், இறுதியாக அழைப்பவர் ஆயர். குருத்துவத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராவதற்கு முன்பு, இந்தப் பணியை என் சொந்த விருப்பத்தால் ஏற்கிறேன் என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அதை எழுதும் நாள் வரை எனக்கும் காலம் இருக்கிறது, அம்மாவுக்கும் காலம் இருக்கிறது.