மேற்கே பார்த்து வாசித்த வானிலை: ஸ்ரீநகரிலிருந்து லக்னோ வரை ஒரு ஜனவரிப் பயணம்

ஜனவரி மாதத்தில் வட இந்தியாவுக்குச் செல்பவர்கள், தாம் இறங்கப்போகும் ஊரின் வெப்பநிலையை மட்டும் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுவது போதாது. அந்த ஊருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள பகுதிகளுக்கு அன்று என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே இன்று நிகழ்வதுதான் ஒன்றிரண்டு நாள்களில் இங்கே வேறு வடிவில் வந்து சேர்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கி அமிர்தசரஸ், டெல்லி வழியாக லக்னோ வரை நான் சென்ற பயணத்தை, அந்த வானிலையின் போக்கிலேயே அமைத்துக்கொண்டேன்.

இந்திய வானிலை ஆய்வு மையம் நாட்டை 36 உட்கோட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த சில நாள்களுக்கான மழை வாய்ப்பையும் எச்சரிக்கையையும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் வெளியிடுகிறது. பயணிக்கு மிகவும் பயன்படுவது முதல் 72 மணி நேரத்துக்கான குறுகிய கால முன்னறிவிப்புதான். இதில் ஒரு நுட்பத்தை அவசியம் கவனிக்க வேண்டும். அறிக்கையில் முதல் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5 மணிக்கு ரயில் பிடிக்க வேண்டியவர், திங்கட்கிழமைக்கு உரிய கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வட இந்தியக் குளிர்காலத்தை இயக்குவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள், உயர் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்றோட்டத்தில் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் கடந்து இமயமலையில் வந்து மோதுகின்றன. மலையில் பனியாகவும் சமவெளியில் மழையாகவும் ஈரத்தை இறக்கிவிட்டு அவை கிழக்கே நகர்ந்த பிறகு, வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்குகிறது. மேகம், பனிப்பொழிவு அல்லது மழை, பிறகு மூடுபனி, அதன்பின் குளிர் அலை என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், அறிக்கையின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் தொடர்ச்சியாகத் தெரியும்.

நான் ஸ்ரீநகரை அடைந்தபோது சில்லை கலான் நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 21 அன்று தொடங்கி 40 நாள்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்துக்குக் காஷ்மீரிகள் வைத்திருக்கும் பெயர் அது. வானம் தெளிவாக இருந்ததால் இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வெகுவாக இறங்கியது. தால் ஏரியின் கரையோரம் காலையில் கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி படிந்திருக்க, சிகாரா ஓட்டுபவர் துடுப்பின் இதய வடிவ முனையால் அதைத் தட்டி உடைத்து வழி செய்துகொண்டுதான் படகை நகர்த்தினார். ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியை அணைத்தபடி அமர்ந்திருந்த அவர், மேற்கே திரளும் மேகத்தைக் காட்டி, இன்றிரவு குளிர் குறையும், நாளை பனி விழும் என்றார். அன்றைய அறிக்கையும் அதையே கூறியது. மேகம் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதால், பனிப்பொழிவுக்கு முந்தைய இரவு வெதுவெதுப்பாவதும், பனி விழுந்து வானம் வெளுத்த இரவு மிகக் கொடியதாவதும் இயல்பு. குறைந்தபட்ச வெப்பநிலை ஏறுகிறது என்ற வரியை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு மலைச் சாலையில் பயணத்தைத் தொடங்குவது ஆபத்தானது. பனிப்பொழிவு நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கும், ஜம்மு பகுதியில் மலையடிவாரத்தில் உள்ள கத்ராவுக்கும் இடையே ரயில் ஓடுவதால், சாலை மூடப்படும் என்ற கவலையின்றிக் கிளம்ப முடிந்தது. காசிகுண்டில் வெண்மையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பீர் பஞ்சால் மலையை ஊடுருவும் 11 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதையைத் தாண்டி, செனாப் பாலத்தின்மேல் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் ரயில் சென்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் அடைத்திருந்தது. கத்ராவில் இறங்கியதும் மழை. அறிக்கையில் ஜம்மு காஷ்மீர் ஒரே உட்கோட்டமாக இருந்தாலும், பனியும் மழையும் எந்த உயரத்தில் பிரிகின்றன என்பதைப் பயணிதான் தன் வழித்தடத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமிர்தசரஸில் தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. கோதுமை வளரும் பருவத்தில் இந்த மழை பஞ்சாப் உழவர்களுக்குப் பெரும் வரம். நான் தேநீர் குடித்த சாலையோரக் கடையில் எல்லோருடைய பேச்சும் அதைப் பற்றியே இருந்தது. நான் கவனித்ததோ அன்றிரவுக்கு இடப்பட்டிருந்த மூடுபனி எச்சரிக்கையை. நனைந்த மண், தெளிந்த வானம், அசையாத காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாக மாறி நிற்கிறது. பார்வைத் தொலைவு 200 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையே இருந்தால் அடர்ந்த மூடுபனி; 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. விடியலில் பொற்கோயிலுக்குச் சென்றபோது, பளிங்குத் தரையில் விரித்திருந்த பாய்கள் நனைந்து கனத்திருந்தன. குளத்தின் நடுவே கோயில் இருக்கும் திசையைக் கீர்த்தனையின் ஒலி மட்டுமே காட்டியது. நல்ல வெயிலில் வந்து பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத அனுபவம் அது என்றே கருதுகிறேன்.

அங்கிருந்து டெல்லிக்கான என் ரயில் பல மணி நேரம் தாமதமாயிற்று. காலை 11 மணிக்கெல்லாம் அமிர்தசரஸில் வெயில் வந்துவிட்டது. ஆனால் அந்த ரயிலின் பெட்டிகள் பீகாரிலிருந்து முந்தைய இரவு முழுவதும் மூடுபனிக்குள் ஊர்ந்து வர வேண்டியிருந்தது. வானிலை மேற்கிலிருந்து வந்தாலும் ரயில் கிழக்கிலிருந்து வரலாம் என்பதால், ரயில் புறப்படும் ஊருக்கான வரியையும் பார்த்துவிடுவது நல்லது. மூடுபனியில் ரயிலை ஓட்டுவது எளிய வேலையன்று. சிக்னல் நெருங்குவதை உணர்த்தத் தண்டவாளத்தில் வெடிகள் பொருத்தப்படுகின்றன. தண்டவாளத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இடப்படுகிறது. இன்ஜினில் உள்ள ஜிபிஎஸ் கருவி அடுத்த சிக்னலின் தொலைவை ஓட்டுநருக்குச் சொல்கிறது. இத்தனைக்கும் பிறகு வேகத்தைக் குறைத்தே செல்கிறார்கள் என்பதை அறிந்தபின், தாமதத்தைப் பற்றி முணுமுணுக்க எனக்கு மனம் வரவில்லை.

டெல்லியில் மூடுபனி தரையைவிட்டு எழும்பித் தாழ்ந்த மேகமாக நின்றுவிட்டதால் அன்று முழுவதும் சூரியன் தெரியவில்லை. இத்தகைய பகலைத்தான் அறிக்கை குளிர் நாள் என்கிறது: குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க, அதிகபட்ச வெப்பநிலையும் இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கும் மேல் குறைந்திருக்க வேண்டும். குளிர் அலை இரவைப் பொறுத்தது. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரிக்கு இறங்கினாலே அறிவித்துவிடுவார்கள். டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2019 டிசம்பர் 30 அன்று பகல் வெப்பநிலையே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 2021 ஜனவரி 1 அன்று விடியலில் 1.1 டிகிரி பதிவானது. முதல் வகைக் குளிரில் வெளியே சுற்றுவதே வீண். இரண்டாம் வகையில் பத்து மணிக்குமேல் இதமான வெயிலில் ஹுமாயூன் கல்லறையைச் சுற்றி வரலாம். நாள் திட்டத்தையே மாற்றும் இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

முன்னறிவிப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். மேற்கத்திய இடையூறு எப்போது வந்து சேரும் என்பதைச் சில நாள்கள் முன்னதாகவே கணிக்க முடிகிறது; மூடுபனி எந்த ஊரில், எந்த மணியில் இறங்கும், எப்போது விலகும் என்பது இரவுக் காற்றின் சிறு அசைவாலும் மாறிவிடுகிறது. இதை ஆராயவே 2015 குளிர்காலத்தில் டெல்லி விமான நிலையத்தில் வைஃபெக்ஸ் என்னும் தனி ஆய்வு தொடங்கப்பட்டது. விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டிய நாளில், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் தரப்படும் உடனடி முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதே சரி.

லக்னோவில் நான் இருந்தபோது பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் வடமேற்குக் காற்று வலுத்து மூடுபனி விலகி, குளிர் அலை எச்சரிக்கை வந்திருந்தது. கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காற்று இன்னும் தேங்கியே நின்றதால் அங்கே மூடுபனி தொடர்ந்தது. அதே அறிக்கையில் ஈரான் பக்கம் அடுத்த இடையூறு குறிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, குளிர்காற்று கிழக்கே பரவி மூடுபனியைக் கலைத்த பின்னும், புதிய ஈரம் வந்து சேரும் முன்னும் ஒரு சிறு இடைவெளி இருக்கும் என்று தோன்றியது. வாரணாசிக்கு எடுத்திருந்த இரவு ரயில் டிக்கெட்டை ரத்துசெய்து, அந்த இடைவெளியில் நண்பகலுக்குமேல் கிளம்பும் ரயிலில் இடம் பதிவுசெய்துகொண்டேன்.