எனக்குக் கேட்டதா, நான் கேட்டேனா?

ஹியர், லிஸன், ஆஸ்க். அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ‘கேள்’ என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி வாக்கியம் அமைத்தால் தடுமாற்றம்தான். ஆனால் தமிழுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. வினைச்சொல்லை விட்டுவிட்டு, கூட வருவது ‘எனக்கு’வா ‘நான்’ஆ என்று பாருங்கள்.

‘எனக்குக் கேக்குது’ என்று சொல்ல வந்தால் ஹியர். ‘நான் கேக்கிறேன்’ என்றால் லிஸன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எனக்குக் கேக்குது. காதில் தானாக விழுகிறது. கிரிக்கெட் கமென்ட்ரியை நான் கேக்கிறேன். காது கொடுத்துக் கேட்கிறேன். போனில் ‘கேக்குதா?’ என்பதற்கு ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பதே சரி. ‘ஆர் யூ லிஸனிங் டு மீ?’ என்று மேலதிகாரியிடம் கேட்டால், ‘நான் சொல்றதைக் கவனிக்கிறீங்களா இல்லையா?’ என்று அதட்டியதாகிவிடும்.

காதில் விழுவது நாம் செய்யும் வேலை இல்லை என்பதால்தான் ‘ஐ ஆம் ஹியரிங் எ நாய்ஸ்’ என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. ‘ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்’ என்பார்கள். லிஸனுக்கு இந்தத் தடை கிடையாது. ‘ஐ ஆம் லிஸனிங் டு மியூசிக்’ தாராளமாகச் சொல்லலாம். எதைக் கேட்கிறோம் என்பது பின்னால் வந்தால் ‘டு’ கட்டாயம். வெறுமனே ‘லிஸன்!’ என்று நிறுத்தினால் வேண்டாம். ‘லிஸன் மீ’ என்பது எங்கேயும் தவறு.

‘அவன் யார் பேச்சையும் கேக்க மாட்டான்’ என்பதற்கும் லிஸன்தான். அங்கே ஹியர் போட்டால் பையனுக்குக் காது மந்தம் என்று ஆகிவிடும். ‘கேள்விப்பட்டேன்’ என்றால் ‘ஹேர்ட் அபவுட்’.

விதி மீறும் இடமும் உண்டு. கச்சேரிக்குப் போய் இரண்டு மணி நேரம் ஊன்றிக் கேட்டாலும், ‘ஐ ஹேர்ட் ஹர் சிங்’ என்று சொல்வது வழக்கம். நீதிபதி வரிக்கு வரி கவனித்தாலும் கோர்ட்டில் நடப்பது ‘ஹியரிங்’தான்.

இனி ஆஸ்க். அதிகம் இடறுவது இங்கேதான். ‘அவரிடம் கேள்’ என்பதில் உள்ள ‘இடம்’ நம் ஆங்கிலத்தில் ‘டு’ ஆக ஒட்டிக்கொள்கிறது: ‘ஆஸ்க் டு ஹிம்’. அந்த ‘டு’ வேண்டாம், ‘ஆஸ்க் ஹிம்’ போதும். லிஸனுக்கு வேண்டிய ‘டு’வை விட்டுவிட்டு, வேண்டாத ஆஸ்க்கில் கொண்டுபோய்ச் செருகுகிறோம்!

அடுத்தது, எதைக் கேட்கிறோம் என்பது. பதில் வாயால் வந்தால் பெரும்பாலும் வெறும் ஆஸ்க்: விலை கேட்டேன், ‘ஆஸ்க்ட் த பிரைஸ்’; வழி கேட்டேன், ‘ஆஸ்க்ட் த வே’. பொருளாகக் கைக்கு வரவேண்டும் என்றால் ‘ஃபார்’ சேரும். ஹோட்டலில் பில் கேட்டால் ‘ஆஸ்க்ட் ஃபார் த பில்’. ‘ஃபார்’ விட்டுப்போனால் பில்லைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்ட மாதிரி இருக்கும்.

‘எனக்கு, நான்’ சோதனை கண்ணுக்கும் பொருந்தும். தூரத்தில் கோபுரம் எனக்குத் தெரியுது: சீ. நான் அதைப் பார்க்கிறேன்: லுக், கூடவே ‘அட்’. அசைகிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து பார்த்தால் வாட்ச். மேட்ச், டிவி எல்லாம் அதில் சேரும். டாக்டரைப் பார்ப்பது மட்டும் ‘சீ எ டாக்டர்’. ‘வாட்ச்’ போட்டால் அவரை வேவு பார்ப்பதாக அர்த்தம் வரும். குழம்பில் உப்புப் பார்ப்பதற்கு இந்த மூன்றுமே உதவாது, அது டேஸ்ட்.